மக்கு டிரில்

ஏப்ரல் 19, திங்கள்

மனஅழுத்தம் குறைய தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். இன்று காலை ஆன்லைன் பயிற்சியில் ஒரு மேடம் சொன்னார். "முன்களப் பணியாளர்களே, உங்கள் உணர்வுகளை..." என்று ஆரம்பித்தவர் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். நெட் போய்விட்டது. உணர்வுகளை என்ன செய்வது என்று தெரியாமலே பயிற்சி முடிந்தது.

சரி, எழுதித்தான் பார்ப்போமே. உரக்கடையில் கொடுத்த போன வருட டைரி சும்மா கிடந்தது. கிழமை பொருந்தவில்லை, அடித்து எழுதிக்கொள்கிறேன்.

நான் கலாமணி. குன்னாங்கல்புதூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கே நர்ஸ் பணியிடம் மூன்று. ஒருத்தியை மாவட்ட மருத்துவமனைக்கு டெபுடேஷனில் எடுத்துக்கொண்டார்கள், இன்னொருத்தி பிரசவ விடுப்பில் போனாள். ஆகவே மூன்று பேரும் நானே. டாக்டர் இளம்பரிதி போன வருடம்தான் படிப்பு முடித்து வந்தவர். நல்ல பிள்ளை. என்ன கேட்டாலும் "மேல கேட்டுக்கறேன் சிஸ்டர்" என்பார். மேல என்றால் மாவட்ட அலுவலகம். சில நாட்களில் நான் வானத்தையே பார்த்துவிடுகிறேன். மற்றபடி கூட்டித் துடைக்க, தூக்கிப் பிடிக்க, எங்கள் இருவரையும் அதட்ட பூவாத்தா அக்கா இருக்கிறார்.

மதியம் டெம்போவில் நான்கு பெட்டிகள் வந்து இறங்கின. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். சிலிண்டரே வேண்டாம், கரண்டில் செருகினால் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கும். ஏதோ ஒரு பனியன் கம்பெனி நன்கொடை. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பெட்டியைப் பிரிக்கக் கத்தி தேடினேன். டாக்டர் தடுத்துவிட்டார்.

மேலே கேட்டார். பதில் வந்தது. கடைசி அறைக்கு வெள்ளையடித்து, 'தொற்றுநோய் சிறப்புப் பிரிவு' என்று பெயர் எழுதி, நான்கு மிஷினையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டிய பிறகே தொட வேண்டும். விருந்தினர் யார் என்று பின்னர் தெரிவிக்கப்படும்.

ஏப்ரல் 22, வியாழன்

இன்று 'பெருந்தொற்று ஆயத்தநிலை ஒத்திகை'. மேலே இதற்கு மாக் டிரில் என்று பெயர். பூவாத்தா அக்காவுக்கு வாயில் நுழைந்தது மக்கு டிரில். "ஏனுங் சிஸ்டர், மக்கு டிரில்லு எத்தன மணிக்குங்க?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை, டாக்டரும் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது?

டிரில்லுக்கு ஒரு நோயாளி தேவை. வெளியே காய்ச்சலோடு வரிசையில் நின்ற நிஜ நோயாளிகள் யாரும் சம்மதிக்கவில்லை. "அந்தக் கட்டல்ல படுத்தா இல்லாததும் ஒட்டிக்குமுங்க" என்று ஒதுங்கிவிட்டார்கள். எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்த என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாட்டினார்.

மாட்டினார் என்பது தவறு. ஓடிவந்து படுத்தார். அவருக்கு மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எல்லாம் நின்றுபோய் ஸ்பீக்கர் பெட்டிகளும் ஜெனரேட்டரும் வீட்டுக் கொட்டகையில் தூங்குகின்றன, பக்கத்தில் இவரும். ஊரில் எந்த நாடகம் நடந்தாலும் மேடை ஓரம் உட்கார்ந்து ஒலி கூட்டிக் குறைத்தவர். மேடையில் ஏறியதில்லை. இன்றைக்கு ஏறிவிட்டார்.

"சும்மா மூச்சு வாங்கற மாதிரி பண்ணுனாப் போதுங்க" என்றார் டாக்டர். இவர் கண்ணைச் செருகி, காலை உதறி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தைகளக் கைவிட்ராத கண்ணு!" என்று ஒரு வசனம் வேறு விட்டார். பூவாத்தா அக்கா நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

அவர் மூக்கில் மாட்டியது எங்களிடம் இருக்கும் ஒரே சிலிண்டரின் குழாய். சிலிண்டர் காலி. நிரப்பித் தரச் சொல்லிப் பொங்கலுக்கு முன்னாலேயே எழுதியாயிற்று. டிரில்லுக்குக் காற்று எதற்கு? படம் எடுத்து அனுப்பினோம். சாயங்காலம் மேலேயிருந்து பதில் வந்தது: 'ஆயத்தநிலை மிகச் சிறப்பு. நோயாளி தத்ரூபம்.' அதை இவர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 27, செவ்வாய்

கவச உடை வந்தது. எல்லாம் ஒரே அளவு. பூவாத்தா அக்கா உள்ளே இறங்கிவிட்டு, "சிஸ்டர், கை எந்தப் பக்கங்க?" என்று குரல் கொடுத்தார்.

மே 1, சனி

உழைப்பாளர் தினம். வாழ்த்துச் செய்தி வந்தது. விடுமுறை வரவில்லை.

நாளை திறப்பு விழா என்று நேற்று சொன்னார்கள். ஓடி ஓடி வேலை செய்தோம். சிறப்புப் பிரிவின் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டினோம். பக்கத்துச் சுவரில் கறுப்புப் பளிங்கில் கல்வெட்டு பதித்தார்கள். நன்கொடையாளர் பெயர், அதைவிடப் பெரிதாக விருந்தினர் பெயர், அவர் பட்டங்கள், அவருக்கு முன்னிலை வகிப்பவர்கள் என்று இடமே இல்லாமல் எழுத்து. மிஷினின் பெயர் கடைசி வரியில் சின்னதாக இருக்கிறது. 'திறப்பு நாள்' என்று போட்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கல் செதுக்குகிறவர் விவரமானவர், பல திறப்பு விழாக்களைப் பார்த்தவர்.

நாலு மணிக்கு ஃபோன் வந்தது. விருந்தினருக்கே பாசிட்டிவ். தனியார் மருத்துவமனையில் நலமாக இருக்கிறாராம். விழா தள்ளிவைக்கப்பட்டது.

"அப்ப மிஷினை எடுத்து வெளிய வெச்சுக்கலாங்களா டாக்டர்? அவரு வர்றப்ப மறுபடி உள்ள வெச்சுக்கலாம்" என்றேன்.

"கேட்டுட்டேன் சிஸ்டர். விழா முடியற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாதுன்னுட்டாங்க."

ரிப்பனையாவது அவிழ்க்கலாம் என்றால் பூவாத்தா அக்கா விடவில்லை. கட்டிய ரிப்பனை வெட்டாமல் அவிழ்ப்பது சகுனத் தடையாம். சாவியை என் மேஜைக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்டினோம்.

மே 5, புதன்

இன்று மாராத்தாள் என்ற அம்மாவைக் கூட்டி வந்தார்கள். தறி ஓட்டும் ரங்கப்பன் அண்ணனின் மனைவி. வண்டியில் பின்னால் உட்காரவைத்து, விழாமல் இருக்கத் துப்பட்டிப் போர்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன். விரலில் ஆக்சி மீட்டர் போட்டேன். எண்பத்து நான்கு காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது.

டாக்டர் மேலே கேட்டார். "ரெஃபர் பண்ணுங்க" என்றார்கள். சிறப்புப் பிரிவைத் திறக்கலாமா என்று கேட்டார். "ரெஃபர் பண்ணுங்கன்னு சொன்னேனே" என்றார்கள். பரிந்துரைக் கடிதம் எழுதினோம். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் நிலையத்திலிருந்து போகும் பரிந்துரைக் கடிதத்தில் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை.

ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. அதுவரை அந்த அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு முறை தலையைத் தூக்கி, "அம்மணி, அந்த ரூமு புதுசாட்ட இருக்குது, ரிப்பனெல்லாம் கட்டி" என்றார். ஆமாங்க்கா என்றேன்.

ரயில்வே கேட் போட்டிருந்ததாம். கேட்டிலேயே போய்விட்டார்.

ரங்கப்பன் அண்ணன் சாயங்காலம் துப்பட்டியை எடுக்க வந்தவர், "நீங்க உங்களால ஆனதப் பண்ணுனீங்க சிஸ்டர்" என்று கும்பிட்டார். தூரம்தான் காரணம். கேட்தான் காரணம். மேலே இருக்கிறவர்கள்தான் காரணம். சாவி என் தலைக்கு மேலேதான் தொங்கியது, ஆனால் உத்தரவு போட்டது நான் இல்லையே.

மே 6, வியாழன்

சாவியை ஆணியிலிருந்து எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். தூசி படிகிறது.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு ஆரம்பம். எங்கள் வாசலில் மட்டும் திருவிழாக் கூட்டம்.

காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகள். காய்ச்சல் இருக்குதுங்களா, இருமல் இருக்குதுங்களா, வாசம் தெரியுதுங்களா, ருசி தெரியுதுங்களா. கேட்டுக் கேட்டு, கடைக்காரரிடம் தக்காளி வாங்கும்போதுகூட வாசம் தெரியுதுங்களா என்று கேட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, கால் நோகிற நோவிலும் கொள்ளு ரசம் வைத்தேன். பூண்டு தட்டிப் போட்டு, நெய்யில் சீரகம் தாளித்தேன். தெருமுனை வரைக்கும் மணக்கும். இந்த மகாராஜா ஒரு வாய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஏங்கண்ணு, ரசம் சப்புனு இருக்குது. வாசமே இல்ல. உப்புப் போட மறந்துட்டியா?" என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்! கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். இவர் அம்மா வைத்தால் ரசம், நான் வைத்தால் வெந்நீர். நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. "நாளையிலிருந்து நீங்களே வெச்சுக் குடிங்க, மணக்க மணக்க" என்று தட்டை எடுத்துவிட்டேன். வழக்கமாகப் பதிலுக்குக் கத்துவார். இன்று ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். ரோஷம்.

மே 12, புதன்

வெள்ளிக்கிழமை இரண்டாவது டிரில். மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழுவே நேரில் வருகிறதாம். போன தடவை வாங்கிய பாராட்டால் வந்த வினை. 'அதே நோயாளியை ஏற்பாடு செய்யவும்' என்று எழுத்துப்பூர்வமாகவே வந்திருக்கிறது.

இவர் நேற்றிலிருந்து இருமுகிறார். கொட்டகையில் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தட்டித் துடைத்தாராம், தூசி. சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் குடித்தார். கசக்குது என்றுகூடச் சொல்லவில்லை. இன்று காலையும் இருமினார்.

"என்னங்க, டெஸ்ட் எடுத்துரலாமா?" என்றேன்.

"அட, ஒத்திகை பாக்கறேன் கண்ணு. ஆபீசருங்க வர்றாங்கல்ல. இருமலு இயற்கையா வரோணும்" என்று சிரித்தார்.

இந்த மனுஷன் ஒரு வேலைக்காக இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததே இல்லை. மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்கக்கூடப் பழகிக்கொண்டிருக்கிறார்.

மே 14, வெள்ளி

பிறகு எழுதுகிறேன்.

மே 16, ஞாயிறு

இப்போது எழுதலாம். இவர் தூங்குகிறார். நம்பர் தொண்ணூற்றொன்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. இரண்டு அதிகாரிகள், ஒரு ஃபோட்டோக்காரர். நாச்சிமுத்து சரியான நேரத்துக்கு வந்து கட்டிலில் படுத்தார். நடந்து வந்த விதமே பிரமாதம் என்றார் ஒரு அதிகாரி. சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு எட்டுக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அதிகமாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

டிரில்லில் அடுத்த படி, விரலில் ஆக்சி மீட்டர் போடுவது. போட்டேன். எண்பத்தொன்று.

மீட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றி என் விரலில் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. திரும்ப அவர் விரலில் போட்டேன். எண்பத்தொன்று, அப்புறம் எண்பது.

அதிகாரி எட்டிப் பார்த்து, "அட, இந்த நம்பரெல்லாம் எப்படி செட் பண்ணுனீங்க? ரியலா இருக்கே!" என்றார்.

ஃபோட்டோக்காரர், "அண்ணா, கண்ணைக் கொஞ்சம் தொறங்க, லைட் வரட்டும்" என்றார்.

இவர் திறக்கவில்லை. வசனமும் இல்லை. என் கையைத் தேடிப் பிடித்தார், பிடியில் பலமே இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கொள்ளு ரசம் ஞாபகம் வந்தது. வாசமே இல்ல. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் மூக்கு வேலை செய்கிறதா என்று கேட்டவள் நான். சொந்த வீட்டில் ஒருத்தர் தட்டின் முன்னால் உட்கார்ந்து தானாகவே சொல்கிறார், நான் மனதுக்குள் மாமியார் ரசத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இழுப்பறையை இழுத்து சாவியை எடுத்தேன். கத்தரிக்கு எங்கே போவது? பிரசவ அறைத் தட்டில் தொப்புள்கொடி வெட்டும் கத்தரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சிஸ்டர்! சிஸ்டர்! அது டிரில்ல கிடையாது!" என்று பின்னால் அதிகாரி கத்தினார்.

வெட்டினேன். ரிப்பன் வெட்டுவது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரே வெட்டு. அதற்குத்தான் இத்தனை நாள் ஒரு பெரிய மனிதரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நானும் பூவாத்தா அக்காவும் பெட்டியைக் கிழித்து, மிஷினை உருட்டிக்கொண்டு வந்து செருகினோம். வோல்டேஜ் பற்றவில்லை. கீச் கீச் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. பக்கத்து பிளக்கிலும் அதேதான்.

டாக்டரைப் பார்த்தேன். அந்த நிலையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மேல கேட்டுட்டு வரீங்களா டாக்டர்?" என்றேன்.

பையன் முகம் சிவந்துவிட்டது. "உங்க ஊட்டு ஜெனரேட்டர் ஓடுங்களா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். என் பதிலுக்குக்கூட நிற்காமல் அதிகாரிகள் வந்த ஜீப்பில் ஏறி டிரைவரிடம், "எடுங்க" என்றார். பின்னாலேயே ஓடிவந்து ஜீப்பில் தொற்றிய அதிகாரி, "டாக்டர், டிரில்..." என்று இழுத்தார். "டிரில் முடிஞ்சுது சார், எறங்கிக்கங்க" என்றார். எங்கள் டாக்டர்தான் பேசினார். என் காதாலேயே கேட்டேன்.

அம்மன் பாட்டுக்கு ஓடிய ஜெனரேட்டர் ஜன்னலுக்கு வெளியே நின்று டுபுடுபு என்று ஓட ஆரம்பித்தது. மிஷின் மூச்சு விட்டது. மெல்ல மெல்ல எண்பத்தைந்து, எண்பத்தெட்டு. குப்புறப் படுக்க வைத்தோம், ஊசி போட்டோம். மாவட்ட மருத்துவமனையில் படுக்கை இல்லை என்றார்கள். இருந்திருந்தாலும் அந்த ரயில்வே கேட் வழியாக இவரை அனுப்பியிருக்க மாட்டேன்.

சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று மிஷினுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். ஊரில் அத்தனை பேர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மே 21, வெள்ளி

தொண்ணூற்று நான்கு. மிஷினைக் கழற்றிப் பார்த்தோம், தாங்குகிறது. வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை, "ஆபீசருங்க என்ன சொன்னாங்க? நல்லாப் பண்ணுனனா?"

அடிக்கலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊர்க்காரர்கள் முறை வைத்து ஊற்றுகிறார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அறிக்கையில் 'குன்னாங்கல்புதூரில் சுகாதாரக் கட்டமைப்பு வலுப்படுத்தப்பட்டுள்ளது' என்று இருக்கிறது. வலுப்படுத்தியது ஒரு மைக் செட்.

மே 28, வெள்ளி

மெமோ வந்திருக்கிறது. 'சிறப்புப் பிரிவின் ரிப்பனை உரிய அனுமதியின்றியும், மகப்பேறு உபயோகத்துக்கான அரசுக் கத்தரியைக் கொண்டும் வெட்டியது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'ஐயா, ரிப்பன் வெட்டுவதற்கென இந்நிலையத்துக்குத் தனிக் கத்தரி இதுவரை வழங்கப்படவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' டாக்டர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலொப்பம் போட்டார்.

ஏன் வெட்டினாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஏன் அதற்கு முன்னால் வெட்டவில்லை என்று கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது.

ஜூன் 3, வியாழன்

இன்று கொள்ளு ரசம். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏங்கண்ணு, உப்பு இத்தன அள்ளிப் போட்டிருக்கற?"

உப்பு அளவாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினேன். எத்தனை வேண்டுமானாலும் குறை சொல்லட்டும்.

ஜூன் 11, வெள்ளி

திறப்பு விழா.

ஆமாம். நாலு பேர் படுத்திருக்கும், பத்துப் பதினைந்து பேர் பிழைத்துப் போன அறையை இன்று திறந்தார்கள். விருந்தினர் குணமாகி, கொஞ்சம் சதை போட்டு வந்திருந்தார். புது ரிப்பன். கத்தரியை அவர்களே வெள்ளித் தட்டில் கொண்டுவந்திருந்தார்கள். என் விளக்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நோயாளிகளை ஒரு மணி நேரம் வேறு அறைக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். டாக்டர், "முடியாதுங்க" என்றார். மேலே கேட்கவில்லை.

மைக்குக்கு நாச்சிமுத்துவையே கூப்பிட்டிருந்தார்கள். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரிலிருந்து மைக்குக்கு லைன் கொடு என்றார்கள். அது மிஷினுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மைக்குக்குக் கரண்டு இல்லீங்க. உள்ள படுத்திருக்கறவங்களுக்கு வேணும். நீங்க சத்தமாப் பேசிக்கங்க, எங்க ஊரு சின்ன ஊருதான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த பெருமையை இங்கே எழுதினால் நாளைக்குப் படித்துவிட்டு ஆடுவார். எழுதவில்லை.

விருந்தினர் கத்திக் கத்திப் பேசி இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். இந்த ஊரில் நடந்த விழாக்களிலேயே சிறந்த விழா இதுதான். போகும்போது கல் செதுக்குகிறவர் வந்து காலியாக இருந்த இடத்தில் தேதியைச் செதுக்கிவிட்டுப் போனார். 'திறப்பு நாள்: 11 ஜூன்.' பச்சைப் பொய். கல்லில் வெட்டிய பொய். பூவாத்தா அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஜூன் 18, வெள்ளி

தடுப்பூசிக்கு ரங்கப்பன் அண்ணன் வந்தார். காரியம் முடித்து மகள் ஊருக்குப் போனவர் ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டு, இந்த வாரம்தான் திரும்பினாராம். அவரை வரிசையில் பார்த்ததுமே எனக்கு ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன். ஊசி போடுவது நான்தானே, எவ்வளவு நேரம் உள்ளே நிற்க முடியும்?

போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வேண்டும். பெஞ்சு கல்வெட்டுக்கு எதிரே கிடக்கிறது. மனுஷன் சும்மா இருக்க மாட்டாமல் எழுத்துக்கூட்டிப் படித்தார். விருந்தினர் பெயர், பட்டங்கள், முன்னிலை எல்லாம் படித்துக் கடைசிக்கு வந்தார்.

"ஜூன் பதினொண்ணு... ஏனுங் சிஸ்டர், அப்ப இந்த மிசினெல்லாம் போன வாரந்தான் வந்துதுங்களா?"

நான் பஞ்சை மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமாங்ணா" என்றேன்.

"அதானே பாத்தேன்." தலையை ஆட்டிக்கொண்டார். "ஊருல ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு பேசறானுங்க. எங்க ஊட்டுக்காரி வந்தன்னிக்கே மிசினு ரூமுக்குள்ளதான் இருந்துதுன்னு ஒருத்தன் சொன்னானுங்க. நான் சண்டைக்கே போயிட்டேன். இருந்திருந்தா அந்தச் சிஸ்டர் குடுக்காம இருந்திருப்பாங்களாடா, பெத்த தாயாட்டம் முதுகத் தடவிட்டு உக்காந்திருந்தாங்கடான்னு." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "பாவி, ஒரு மாசம் பொறுத்திருந்தாள்னா பொழச்சிருப்பா. அவ விதி. இனி எனக்கு வெசனமில்லீங்க."

பையிலிருந்து முருங்கைக்காய் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா வைத்த மரமாம். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது?

அவர் போன பிறகு பூவாத்தா அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். கடைசியில், "கல்லுல தேதி தப்பா இருக்குதுன்னு அன்னிக்குச் சிரிச்சீங்களே. அந்தக் கல்லு செதுக்கறவரக் கூப்புட்டு அழிக்கச் சொல்லிரலாங்களா சிஸ்டர்?" என்றார்.

இந்த டைரியைத் திருப்பிப் பார்த்தேன். பாதிப் பக்கம் அந்தக் கல்லையும் ரிப்பனையும் திட்டித்தான் எழுதியிருக்கிறேன். மே ஐந்தாம் தேதியும் இதில் இருக்கிறது. அன்றைக்கும் இதே சாவிதான், பிரசவ அறையில் இதே கத்தரிதான். வெட்கமாக இருக்கிறது. உத்தரவு, மெமோ, வேலை என்று அன்று எனக்கு வந்த பயமெல்லாம் படுத்திருந்தது என் புருஷன் என்றதும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"வேண்டாங்க்கா, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். ஈரத்துணி கொடுத்து, தேதி நன்றாகத் தெரியும்படி அந்த இடத்தைத் துடைத்துவிடச் சொன்னேன்.